துணி கட்டாத சரிவு

சிவப்புத் துணி பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். மலை முகட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் டீக்கடை மாடியில் நின்று படம் எடுக்கிறவர்களுக்கு அது கண்ணை உறுத்துகிறதாம். இதைக் கேட்ட நாளில் ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. "பிரஷர் ஏறிடும்லா, விட்டுத் தொலை" என்கிறார் வீட்டுக்காரர். ஏறட்டும். என் பிரஷர், என் கோபம்.

அது என்ன துணி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் புல்லைக் கொல்ல மருந்தடிப்பார்கள். எந்தச் சரிவில் அடித்தார்களோ, அதில் ஏறும் பாதையின் வாயில் ஒரு குச்சியை நட்டு, ஒரு முழம் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவார்கள். துணி இருந்தால் அந்தப் பக்கம் கீரை பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். புல் கருகி, மழை பெய்து, மறுபடி பச்சை துளிர்த்த பிறகு கங்காணி வந்து அவிழ்த்துவிடுவார். இதை யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வந்தபோது எனக்குச் சொன்ன முதல் புத்தி இதுதான். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், சாமான் கடை எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் சொன்னார்கள்.

சொன்னது என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். தனியாக என்பது பேச்சுக்குத்தான், படுக்கத்தான் அங்கே போவாள். ஆயுள் முழுவதும் கொழுந்து எடுத்தவள். இப்போது பென்ஷன்காரி. ஆனாலும் அந்தக் கண் பென்ஷன் வாங்கவில்லை. அந்தக் கோடியில் நிற்கும் செடியில் என்ன கீரை என்று இந்தக் கோடியில் இருந்தே சொல்வாள்.

வாரநாளில் நான் திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் பூக்கட்டு போடுகிறேன். வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுடையது. கோயிலில் பூசை முடிந்ததும் ஃபாதருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து, நல்ல சேலையை மடித்து வைத்துவிட்டு, பழைய கைலியும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு அண்ணியும் நானும் கிளம்பிவிடுவோம். கையில் ஒரு சின்னக் கத்தி, இரண்டு பிளாஸ்டிக் பை. தேயிலைக்கு நடுவே மணத்தக்காளி முளைத்திருக்கும். ஓடைப் பக்கம் வல்லாரை படர்ந்திருக்கும். ஈரமான பள்ளத்தில், மலாய்க்காரர்கள் பாக்கு என்று சொல்கிற பெரணியின் சுருண்ட கொழுந்து கிடைக்கும். சுருள் விரியாமல் இருந்தால்தான் எடுக்கவேண்டும். விரிந்துவிட்டால் நாராகிப் போகும். "வேரோட புடுங்காதடி. அடுத்த வாரம் உன் மாமியாளா வந்து நட்டு வைப்பா?" என்று அண்ணி திட்டுவாள். என் மாமியார் அவளுக்கு அம்மா என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவிருக்காது.

பறிக்கிறது ஒரு சுகம் என்றால் ஆய்கிறது இன்னொரு சுகம். பின்வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு, போனவாரத்து ஊர்வம்பு மொத்தத்தையும் கீரையோடு சேர்த்து ஆய்ந்துவிடுவோம். பிறகு சமையல். அதில் ஒரு வித்தையும் இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், கொஞ்சம் பருப்பு, இறக்கும்போது தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டுச் சம்பல். வெளியே மழையும் குளிரும் போட்டி போட்டுக்கொண்டிருக்க, சுடுசோற்றில் அந்தக் கசப்பைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், எந்தத் துரை வீட்டு மேசையும் எனக்கு வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு துண்டுத் தோட்டமும் உண்டு. பழைய தகரமும் லோரிக் கயிறும் வைத்துக் கட்டிய பந்தலில் சௌசௌக் கொடி. அது காய்க்க ஆரம்பித்தால் ஊரெல்லாம் கொடுத்தும் தீராது. பந்தலுக்குக் கீழே ஒரு பாத்தி கீரை. எண்ணெய் டின்னில் கறிவேப்பிலை. குளிரில் அது வளரவே வளராது, மொய் எழுதுகிற கஞ்சனைப் போல ஒவ்வொரு இலையாகத்தான் விடும். கோலா தெர்லாவில் காய் பயிர் செய்கிற ஓர் அக்காவிடம் கெஞ்சிக் கொண்டுவந்த புதினா. எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுவது அண்ணி. நான் ஊற்றினால் செடிக்கு ஜலதோஷம் பிடித்துவிடுமாம்.

ஊர் சுற்றவும் எனக்குப் பிடிக்கும். லோரியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டு தாப்பா ரோட்டில் இறங்குவேன். வளைவுக்கு வளைவு குளிர் குறைவது காதில் தெரியும். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் ரோட்டோரக் குடிசையில் பெத்தாய் அவரையும் மூங்கில் குருத்தும் தொங்கவிட்டிருப்பார்கள். இறங்கி, விலை கேட்டு, எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டு, வாங்கி வருவேன். ஓர் ஊருக்குப் போனால் அந்த ஊர்க்காரர் எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்கவேண்டாமா? எங்கள் மலைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. காரில் வரிசை கட்டி நின்று, ஹாரன் அடித்து, ஸ்ட்ராபெரி தின்று, தேயிலைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று படம் எடுத்துவிட்டுப் போவார்கள். போகட்டும், அது அவரவர் ஆசை. அந்தப் படத்தில் எங்கள் துணி விழுந்ததுதான் வினையாகிவிட்டது.

யாரோ ஒருவர் படம் எடுத்து, இது என்ன சிவப்புத் துணி என்று கேட்டிருக்கிறார். டீக்கடைப் பெண் வெகுளியாக உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் அதை நெட்டில் போட்டுவிட்டார். அழகான மலை, விஷம் அடிக்கிறார்கள் என்று. தோட்டத்து ஆபீஸில் கூடிப் பேசினார்கள். விஷம் வேண்டாம் என்று முடிவு செய்தார்களா? இல்லை. துணி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நம்புகிற கூட்டம். முடிவு செய்தவர்கள், லைனில் ஒரு வாசலுக்காவது வந்து, இனிமேல் துணி இருக்காது, பார்த்துப் பறியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாங்கள் அங்கே பறிக்கிறோம், தின்கிறோம் என்பது அவர்கள் ஞாபகத்திலேயே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரிங்லெட்டில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன். அண்ணி தனியாகக் கிளம்பியிருக்கிறாள். வழக்கமான சரிவு. பாதை வாயில் நின்று பார்த்திருக்கிறாள். துணி இல்லை. குச்சிகூட இல்லை. மேலே மணத்தக்காளி தளதளவென்று நின்றிருக்கிறது. மருந்து அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் குளிரில் இலை உடனே வாடாது, வாட வாரக்கணக்காகும். பை நிறையப் பறித்து வந்து சமைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது சாயங்காலம். அண்ணி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவள் பின்வாசலில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் வெந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி, "அடுப்புமேல உனக்கு எடுத்து வச்சிருக்கேன் புள்ள" என்றாள். தட்டைத் தட்டால் மூடி வைத்திருந்தாள். திறந்தேன். கீரை.

"அண்ணி, எங்க பறிச்சீங்க?"

"மேல் சரிவுலதான். துணி இல்லியே..."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது வலி அல்ல, குழப்பம். துணி இல்லாத இடத்தில் பறித்த கீரை எப்படி இப்படிச் செய்யும் என்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரர் கரெத்தாவை, எங்கள் பழைய காரை, எடுத்தார். டவுன் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, சேலைன் ஏற்றி, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள், கர்த்தருக்குத் தோத்திரம். அவள் வைத்திருந்த தட்டை நான் குழி தோண்டிப் புதைத்தேன். சோற்றைக் கொட்டினால் பாவம் என்று வளர்ந்தவள் நான். அன்றைக்குக் கீரையோடு சோற்றையும் கறிச்சட்டியையும் சேர்த்துப் புதைத்தேன்.

அண்ணி வீடு திரும்பிய சமயத்தில்தான் அந்தச் சரிவில் புல் மஞ்சளாக ஆரம்பித்தது. அவள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கீரையைத் தொடவில்லை. மலைக் கீரையை மட்டுமல்ல, எங்கள் பந்தலுக்குக் கீழே அவளே தண்ணீர் ஊற்றி வளர்க்கிற கீரையையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பூட்ஸை மாட்டினால், "நீ போய்ட்டு வா. எனக்குக் கால் வலி" என்பாள். மலையை நம்பாமல் போய்விட்டாள். எத்தனை பெரிய இடத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று அந்த ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.

நான் கங்காணியைப் போய்ப் பிடித்தேன். எங்களோடு கோயிலுக்கு வருகிறவர்தான், பாடற்குழுவில் பெரிய தொண்டை.

"துணிய ஏன் எடுத்தீங்க?"

"மேல ஆர்டர்மா. நான் என்னா செய்யறது?"

"லைன்ல வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கும் ஆர்டர் வேணுமா?"

"இப்ப யாருமா காட்டுக் கீரை திங்கறா? எல்லாம் கடையிலதான் வாங்குறாங்கன்னு துரை நெனச்சிட்டாரு."

"நீங்க திங்கறீங்களே! போன மாசம் எங்க வீட்டு வாசல்ல நின்னு ஒரு பை வாங்கிட்டுப் போனீங்களே! துரைகிட்ட சொல்றதுக்கு என்னா?"

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அல்லேலூயா பாடும்போது கூரை அதிரும், துரைக்கு முன்னால் அந்தத் தொண்டையில் காற்றுகூட வராது.

சரி, நானே கட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் ஜன்னலுக்குப் புது லங்சீர், அதுதான் திரைச்சீலை, போடுவோம். போன கிறிஸ்துமஸுக்கு நான் தைத்தது நல்ல இரத்தச் சிவப்பு. ஓரத்தில் தங்க ஜரிகை வேறு. அதைக் கழற்றி, கத்தரிக்கோலால் முழம் முழமாக வெட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். தடுத்தால் அடுத்து தன் சட்டைதான் என்று தெரிந்த மனிதர். மருந்து தெளிக்கிற பையன்கள் பங்களாதேஷ்காரர்கள். வேலை முடிந்து திரும்பும்போது வழியில் நிறுத்தி, இன்றைக்கு எங்கே அடித்தீர்கள் என்று மலாயில் கேட்பேன். முதுகு டாங்கியை இறக்கிவைத்துவிட்டுக் கைகாட்டுவார்கள். போய்க் குச்சி நட்டுக் கட்டிவிட்டு வருவேன். மறுநாள் கங்காணி ஆளை விட்டுப் பிடுங்குவார். நான் மறுபடி கட்டுவேன். ஜரிகை வெயிலில் பளபளவென்று மின்னியது. முன்பைவிட நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் தோட்டத்து மேனேஜர் துரையே லைனுக்கு வந்தார். இப்போதைய துரை வெள்ளைக்காரர் அல்ல, நம்ம ஆள்தான். கோலாலம்பூரில் படித்து வளர்ந்த இளைஞர். எல்லோரையும் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவார். சிரித்த முகம். சிரித்த முகத்தோடு செய்கிற அநியாயத்துக்குத்தான் பதில் சொல்லத் தெரியாமல் போகிறது.

அன்றைக்கும் ஞாயிறு, நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம். சாப்பாட்டு நேரத்தில் வாசல் மிதித்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற பழக்கம் எங்கள் லைனில் கிடையாது. சண்டைக்கு வந்தவராக இருந்தாலும் தட்டு வைத்துவிட்டுத்தான் சண்டை.

"ஆன்ட்டி, அந்தத் துணி மேட்டர் கொஞ்சம் பேசலாம்னு..."

"பேசலாம் துரை. மொதல்ல சாப்புடுங்க."

உட்கார்ந்தார். லங்சீர் இல்லாத ஜன்னலை ஒருமுறை பார்த்தார். சௌசௌக் கூட்டை ருசித்து, "வாவ் ஆன்ட்டி" என்றார். நெத்திலிச் சம்பலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கீரையை நான் போட்டேன். சோற்றோடு பிசைந்தார். கவளத்தை உருட்டி, வாய்க்குக் கொண்டுபோகிற கையை நிறுத்தினார்.

"ஆன்ட்டி, இந்தக் கீரை எங்க பறிச்சது?"

நான் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பந்தலுக்குக் கீழே காலையில் கிள்ளியது அது. கழுத்தைத் திருப்பினால் அவருக்கே பாத்தி தெரியும். ஆனால் அந்தக் கை நின்றதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் துரை கேக்குறீங்க?"

"இல்ல, சும்மாதான்."

"சும்மான்னா சாப்புடுங்க."

அவர் சாப்பிடவில்லை. கவளத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். விரலால் மெல்லத் தள்ளினார். "காலையிலேர்ந்து வயிறு கொஞ்சம் சரியில்ல" என்றார். அந்த வயிற்றுக்குள்தான் இரண்டு தடவை சம்பல் போயிருந்தது.

"இப்ப ஒரு கேள்வி கேட்டீங்களே துரை, அதுக்குப் பதில்தான் அந்தத் துணி. நீங்க கேக்க நான் எதிர்க்க நிக்கிறேன். மலையில எங்க அண்ணி யாரக் கேப்பாங்க?"

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அப்போது, இவ்வளவு நேரம் சுவரோரம் வெறும் ரசச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணி, கையை நீட்டிக் கீரைச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அள்ளித் தன் தட்டில் போட்டாள். பிசைந்தாள். துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கவளத்தை வாயில் வைத்து மென்று விழுங்கினாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபிறகு அவள் தின்ற முதல் கீரை.

"பின்னாடி பந்தலுக்குக் கீழ மொளச்சது தம்பி. நான்தான் தண்ணி ஊத்துறேன்" என்றாள். ஆயுளில் ஒரு துரையை அவள் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவர் கைகழுவிக்கொண்டு போனார். தட்டோரத்தில் அந்தக் கவளம் அப்படியே இருந்தது.

அடுத்த வாரமே கங்காணி ஒரு துணிக்கட்டோடு வாசலில் வந்து நின்றார். "இந்தா, ஆபீஸ்ல குடுத்துட்டாங்க. இனிமே எல்லாச் சரிவுலயும் கட்டுவோம். சந்தோஷமா?" என்றார். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பச்சைத் துணி.

"பச்சையா?"

"படத்துல தெரியாதாம்மா."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. தேயிலைக்கு நடுவே பச்சைத் துணி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, இவர்கள் அதையும் எங்கள் சோற்றிலேயே மறைத்துக் காட்டுகிறார்கள். சிரிப்பு அடங்கியதும் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது, ஃபாதர் படிப்பார்.

வந்த ஞாயிறு நான் பூட்ஸ் மாட்டும்போது அண்ணியும் தன் பூட்ஸைத் தட்டிப் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கால்வலி என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. மிச்சமிருந்த லங்சீர்த் துண்டுகளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். மேல் சரிவின் பாதை வாயில் போய் நின்றோம். அண்ணி கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

"துணி கட்டியிருக்காங்களா, இல்லியா புள்ள?"

அது அவள் கையெட்டும் தூரத்தில், குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக் கீரையைப் பார்க்கிற கண்ணுக்குத் தெரியவில்லை. நான் காட்டினேன். பார்த்தாள். இடுப்பிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை உருவி என்னிடம் கொடுத்தாள். பச்சைக்கு மேலே வைத்து இரண்டு முடிச்சுப் போட்டேன்.

மேலே டீக்கடை மாடியில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள். படத்தில் நன்றாக விழட்டும் என்று அண்ணி துணியின் நுனியை இழுத்து விரித்துவிட்டாள்.